கன்னத்து முடிச்சுக்குள் எலும்பு

உள்கன்னத்தில், மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சேரும் கோட்டை ஒட்டிப் பட்டாணி அளவில் ஒரு முடிச்சு. வலி இல்லை, ரத்தம் இல்லை. சாப்பிடும்போது அடிக்கடி கடிபடுகிறது, சும்மா இருக்கும்போதெல்லாம் நாக்கு அங்கே போய் வருடுகிறது, அவ்வளவுதான். பல் மருத்துவர்கள் மிக அதிகமாகப் பார்க்கும் கட்டிகளில் இது ஒன்று. ஃபைப்ரோமா என்பார்கள், தமிழில் நார்க்கட்டி. மரத்துப்போக ஊசி போட்டு, சில நிமிடங்களில் வெட்டியெடுத்து, இரண்டு தையல் போட்டு அனுப்பிவிடுவார்கள். வெட்டியெடுத்த துணுக்கு அதன்பிறகு எங்கே போகிறது என்று நோயாளி கேட்பதில்லை. பல இடங்களில் டாக்டரும் சொல்வதில்லை. ஆனால் அந்தத் துணுக்கை மெல்லிய சீவலாக்கி மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்தால், சில சமயம் அதற்குள் எலும்பு இருக்கும். கன்னத்தின் சதைக்குள், எந்த எலும்போடும் தொடர்பில்லாமல், உயிருள்ள எலும்பு. சில சமயம் குருத்தெலும்பு. சில சமயம் பல கருக்களைக் கொண்ட ராட்சத செல்கள். சில சமயம், நம்ப முடியாவிட்டாலும், நாம் சாப்பிட்ட பருப்பு.

இப்படிப்பட்ட விசித்திரங்களைப் பற்றி வாய் நோயியல் நிபுணர்கள் தங்கள் இதழ்களில் இடைவிடாமல் எழுதிவருகிறார்கள். நோயாளியின் கையில் கிடைக்கும் அறிக்கையிலோ அவை நீண்ட ஆங்கிலச் சொற்களாக வந்து நிற்கின்றன, படிப்பவர் கலங்கிப்போகிறார். அந்தக் கலக்கத்துக்குப் பெரும்பாலும் தேவையில்லை. வாயில் வரும் சாதாரணக் கட்டிகளுக்குள் காணப்படும் அசாதாரணத் திசு மாற்றங்களில் மிகப் பெரும்பாலானவை கெடுதல் செய்யாதவை. பார்க்கப் பயங்கரமாக இருக்கும் மாற்றம் சாதுவாக இருக்கக்கூடும்; பார்க்கச் சாதுவாக இருக்கும் கட்டி ஆபத்தானதாக இருக்கவும் கூடும். எது எது என்று பிரித்துச் சொல்ல மைக்ராஸ்கோப்பைத் தவிர வேறு வழியில்லை. அதனால் வாயிலிருந்து வெட்டியெடுக்கப்படும் எந்தத் துணுக்கும் குப்பைக்கூடைக்குப் போகக்கூடாது. இதை எல்லா இடங்களிலும் கட்டாய நடைமுறையாக்க வேண்டும் என்பது என் வாதம்.

முதலில் எலும்பு விஷயம். கன்னத்து முடிச்சு புற்றைப்போலத் தானாக வளரும் கட்டி அல்ல. தொடர்ந்து கடிபடும் இடத்தில், காயம் ஆறும் வேலை ஓயாமல் நடந்து, நார்த்திசு மேலும் மேலும் சேர்ந்து உண்டான தழும்பு அது. காயம் ஆற்றும் செல்களில் சில, இன்ன திசுவாகத்தான் ஆவேன் என்று இன்னும் முடிவு செய்யாத இளஞ்செல்கள். ரத்த ஓட்டம் குறைவது, அழுத்தம், ஆண்டுக்கணக்கில் நீடிக்கும் அழற்சி போன்ற சூழல்களில் அவை நாராக ஆவதற்குப் பதில் எலும்பு கட்டும் செல்களாக மாறிவிடுகின்றன. ஒரு வகைத் திசு இன்னொரு வகையாக மாறுவதை மெட்டாபிளாசியா என்று மருத்துவம் அழைக்கிறது; 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் ருடால்ஃப் விர்ஹோ இதைப் பேசத் தொடங்கினார். ஆனால் சதைக்கு எலும்பாகும்படி யார் கட்டளையிடுகிறார்கள் என்பது அவர் காலத்தில் தெரியாது. 1965ல் லாஸ் ஏஞ்சல்ஸில் மார்ஷல் யூரிஸ்ட் என்ற எலும்பு மருத்துவர், சுண்ணாம்புச் சத்து நீக்கப்பட்ட எலும்புத் துண்டுகளை விலங்குகளின் தசைக்குள் வைத்துத் தைத்தார். எலும்பே இல்லாத தசையில் புது எலும்பு உண்டானது. அந்தத் துண்டில் இருந்த ஏதோ ஒரு புரதம் சுற்றியிருந்த செல்களை எலும்பு கட்டும்படி தூண்டியிருக்கிறது என்று அவர் முடிவுக்கு வந்தார். அப்படிப்பட்ட புரதங்கள் பின்னாளில் ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்கப்பட்டன. இன்று முதுகெலும்பு அறுவை சிகிச்சையில் மருந்தாகவே பயன்படுகின்றன. கன்னத்து முடிச்சுக்குள் எலும்பு வருவது அதே இயல்பின் சிறிய வடிவம்தான்.

ஈறில் இது இன்னும் சகஜம். மேல்வரிசை முன்பற்களுக்கு இடையே, ஈறிலிருந்து சிவந்தோ வெளிறியோ ஒரு மொட்டு எழும்பும். பதின்வயதினரிடமும் இளம்பெண்களிடமும் அதிகம் பார்க்கலாம். பல்லை எலும்போடு பிணைக்கும் தசைநாரிலும், எலும்பைப் போர்த்தியிருக்கும் படலத்திலும் எலும்பு உண்டாக்கத் தெரிந்த செல்கள் இயல்பாகவே உண்டு. பற்காறை, உடைந்த பல்லின் கூர்முனை, சரியாகப் பொருந்தாத கேப் என ஏதாவதொன்று உறுத்திக்கொண்டே இருந்தால் அந்த மொட்டுக்குள் எலும்புத் திட்டுகள் விளைகின்றன. அறிக்கையில் பெரிஃபெரல் ஆசிஃபையிங் ஃபைப்ரோமா என்று வரும். பெயர் மிரட்டினாலும் இது புற்று ஆவதில்லை. ஆனால் ஒரு குணம் உண்டு: மேலோட்டமாக வெட்டினால் திரும்ப வரும். பல ஆய்வுகளில் நூற்றுக்கு 8 முதல் 20 பேருக்கு மறுபடி வந்திருக்கிறது. ஆகவே இது இன்ன கட்டி என்று தெரிந்தால், வேர்வரைக்கும் எடுத்து, பற்காறையையும் சுத்தம் செய்து, சில மாதங்கள் கண்காணிப்பார்கள். தெரியாவிட்டால், திரும்ப வந்ததும் நோயாளி புற்றுநோய் என்று பயந்து அலைவார். துணுக்கைச் சோதிப்பதால் ஆபத்தில்லாத நோய்க்கும் பலன் உண்டு என்பதற்கு இது ஒன்றே போதும்.

சோதனைக்கூடத்தில் அந்தத் துணுக்குக்கு என்ன நடக்கிறது என்று சற்று நெருங்கிப் பார்க்கலாம். பத்து சதவீத ஃபார்மலினில், துணுக்கின் அளவைப்போலப் பத்து மடங்காவது திரவத்தில், ஏறத்தாழ ஒருநாள் ஊறவேண்டும். அப்போதுதான் செல்கள் அழுகாமல் இருந்த நிலையிலேயே உறையும். பிறகு ஆல்கஹாலில் படிப்படியாக நீர் வடிக்கப்பட்டு, உருகிய பாரஃபின் மெழுகு திசுவுக்குள் இறங்கி, கடைசியில் கையடக்கமான மெழுகுக் கட்டியாகிறது. அதை மைக்ரோடோம் என்ற கருவியில் பூட்டிக் கைப்பிடியைச் சுழற்றினால், ஒரு மில்லிமீட்டரில் இருநூறில் ஒரு பங்கு தடிமனுக்குச் சீவல் சீவலாக, நாடாபோல் நீண்டு வரும். வெறும் நார்த்திசு என்றால் கத்தி வழுக்கிக்கொண்டு போகும். உள்ளே எலும்பு இருந்தால் கரகரவென்று தட்டும், நாடா கிழியும், சில சமயம் கத்தியின் விளிம்பே பிசிராகும். டெக்னீஷியனுக்கு அந்தச் சத்தத்திலேயே விஷயம் புரிந்துவிடுகிறது. அப்போது மெழுகுக் கட்டியை நிறுத்திவைத்து, அமிலத்தில் ஊறவைத்துச் சுண்ணாம்பைக் கரைத்துவிட்டு மறுபடி வெட்டுகிறார்கள். அறிக்கை ஒரு வாரம் தாமதமானால் பலர் கோபப்படுகிறார்கள், ஏதோ பெரிய வியாதி, அதனால்தான் மறைக்கிறார்கள் என்றுகூட நினைக்கிறார்கள். பல சமயங்களில் காரணம் அந்தக் கரகரப்புதான். வெட்டிய சீவலுக்கு இரண்டு சாயம் ஏற்றுவார்கள். செல்லின் கரு கருநீலமாகவும் மற்றதெல்லாம் இளஞ்சிவப்பாகவும் தெரியும். அந்த இரண்டு நிறங்களுக்குள்தான் முழு வழக்கும் தீர்ப்பாகிறது.

வயதானவர்களிடம் வேறொரு காட்சி. ஆண்டுக்கணக்காக ஒரே பல் செட்டைப் போட்டுக்கொண்டிருப்பவருக்குத் தாடையெலும்பு மெல்லத் தேய்ந்துவிடும். செட் தளர்ந்து ஆடும். அதன் விளிம்பு உராயும் இடத்தில் ஈறு மடிப்பு மடிப்பாகத் தடிக்கும். இந்த மடிப்புகளுக்குள் எலும்பும் குருத்தெலும்பும் விளைவதை அமெரிக்காவின் டுவேன் கட்ரைட் 1972ல் விவரித்தார். இன்றும் இந்த மாற்றத்துக்கு அவர் பெயரைச் சொல்பவர்கள் உண்டு. இங்கே ஒரு பொறி இருக்கிறது. தாடையில் குருத்தெலும்புப் புற்று என்ற கொடிய நோய் ஒன்று உண்டு. உராய்வால் விளைந்த இளம் குருத்தெலும்பின் செல்கள் பார்வைக்கு ஒழுங்கற்று இருப்பதால், அனுபவமில்லாத கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியக்கூடும். பாட்டிக்குப் பல் செட் தளர்ந்திருந்தது என்ற ஒரு வரியைப் பல் டாக்டர் சோதனைப் படிவத்தில் எழுதி அனுப்பியிருந்தால் தீர்ப்பு ஒரு பக்கம் போகும்; எழுதாமல் விட்டால் வேறு பக்கம் போய்விடலாம்.

பருப்பு விஷயம் எனக்கு இவை எல்லாவற்றையும்விட வியப்பானது. பல் பிடுங்கிய குழி, பாதியில் விட்ட வேர் சிகிச்சை, பல் செட் உரசிய புண் இவற்றின் வழியே வெந்த பருப்பின் துகள் திசுவுக்குள் போய்விடுகிறது. உள்ளே இருக்கும் மாவுச்சத்தை உடல் செரித்துவிடும். தாவரச் செல்லின் சுவரான செல்லுலோஸைச் செரிக்க மனித உடலுக்குத் தெரியாது. அதைச் சுற்றி ராட்சத செல்கள் கூடுகின்றன, இளஞ்சிவப்பு வளையங்கள் சுருள் சுருளாகப் படிகின்றன. 1971ல் பிரிட்டனில் லூவர்ஸ் என்பவர், பல் செட்டுக்கு அடியில் தாடையில் வந்த இப்படிப்பட்ட அழற்சியை எழுதினார். பல்ஸ் கிரானுலோமா என்ற பெயர் பிறகு வந்தது. இல்லை, அவை சீரழிந்த ரத்தக்குழாய்ச் சுவர்கள்தான் என்று 1977ல் அமெரிக்காவில் மறுத்தார்கள். 1988ல் ஆய்வக விலங்குகளின் திசுவுக்குள் பருப்பு வகைகளைச் செலுத்திப் பார்த்தபோது அதே வளையங்கள் உண்டாயின. தாவரக் கட்சியின் கை ஓங்கியது. மூன்று வேளையும் சாம்பார், பொங்கல், அடை என்று பருப்போடு வாழும் நாம், தாடையில் வீக்கம் என்றதும் புற்றை மட்டும் நினைப்பதற்கு முன் இப்படியும் ஒன்று உண்டு என்று தெரிந்துகொள்வது நல்லது.

இதுவரை சொன்னவற்றில் விசித்திரம் இருக்கிறது, ஆபத்து இல்லை. அடுத்த இரண்டு உதாரணங்களில் விசித்திரமே ஆபத்தாக முடிந்திருக்கிறது. காரணம் நோயல்ல, அதைத் தவறாகப் படித்தது. நாக்கின் மேல் வழவழப்பான சிறு முண்டாக வரும் ஒரு கட்டியை மாஸ்கோவின் அலெக்சி அப்ரிகோசோவ் 1926ல் விவரித்தார். லெனின் இறந்தபோது உடற்கூறாய்வு செய்தவர் இவர்தான். கிரானுலர் செல் டியூமர் என்று இப்போது அழைக்கப்படும் இந்தக் கட்டி நரம்புறைச் செல்களிலிருந்து வருகிறது, அநேகமாக எப்போதும் சாதுவானது. ஆனால் பல சமயம் இதன் மேலிருக்கும் தோல் ஒரு வினோத வேலை செய்கிறது. புற்றுநோயில் நடப்பதுபோலவே, அந்தத் தோல் விரல் விரலாகக் கீழ்நோக்கி இறங்குகிறது. மேலாக ஒரு சிட்டிகை மட்டும் கிள்ளி அனுப்பினால் கீழே இருக்கும் நிஜக் கட்டி சீவலில் வராது. மேலிருக்கும் போலிப் புற்று மட்டும் தெரியும். அதை நம்பி நாக்கில் பெரிய அறுவை சிகிச்சை செய்வது எத்தனை பெரிய தவறு என்று மருத்துவ நூல்கள் எச்சரிக்கின்றன.

இரண்டாவது, மேலண்ணத்தில் வரும் குழிப்புண். திடீரென்று வீங்கி, சில நாட்களில் ஒரு துண்டு சதை கழன்று விழுந்தது போல் பள்ளமாகிவிடும். பார்ப்பவர் யாரும் புற்றுநோய் என்றுதான் சொல்வார்கள். அண்ணத்தில் இருக்கும் சிறு எச்சில் சுரப்பிகளுக்கு ரத்த ஓட்டம் தடைபட்டதால் வருவது இது. பல்லுக்குப் போட்ட ஊசி, பொருந்தாத செட், ஓயாத வாந்தி என்று பல காரணங்கள். இறந்த சுரப்பியின் குழாய்கள் தோல்போன்ற திசுவாக மாறிக் கூட்டம் கூட்டமாக நிற்கும். மைக்ராஸ்கோப்பிலும் புற்றுபோலவே தெரியும். 1973ல் ஏப்ரம்ஸ், மெல்ரோஸ், ஹவல் ஆகிய மூன்று அமெரிக்க நிபுணர்கள் இதைத் தனி நோயாக அடையாளம் காட்டி நெக்ரோடைசிங் சையலோமெட்டாபிளாசியா என்று பெயரிட்டார்கள். ஒன்றும் செய்யாமல் விட்டாலும் சில வாரங்களில் தானாக ஆறிவிடும். புற்று என்று நினைத்து மேலண்ணத்தையே வெட்டியெடுத்த சம்பவங்கள் மருத்துவப் பதிவுகளில் இருக்கின்றன. அண்ணம் போனவருக்குப் பேச்சு மூக்கு வழியாக வரும், குடித்த தண்ணீரும் அப்படித்தான். தானே ஆறும் புண்ணுக்காக ஒருவருக்கு இது நேர்ந்தால் அதைவிடக் கொடுமை வேறில்லை.

மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். கீழுதட்டின் உட்புறத்தில் நீலம் பாய்ந்த கொப்புளம்போல வருவது மியூகோசீல், எச்சில் தேங்கிய கட்டி. பிள்ளைகளுக்கும் இளைஞர்களுக்கும் வெகு சகஜம். ஆனால் அதே தோற்றத்தில் ஒன்று மேலுதட்டில் வந்தால் கதை மாறுகிறது. மேலுதட்டில் மியூகோசீல் அபூர்வம். அங்கே வரும் கட்டி எச்சில் சுரப்பிக் கட்டியாக இருக்கவே வாய்ப்பு கூடுதல். கடைவாய்ப் பல்லுக்குப் பின்னாலோ அண்ணத்திலோ வரும் எச்சில் கொப்புளம் உண்மையில் எச்சில் சுரப்பிப் புற்றாக இருக்கலாம். வெளியிலிருந்து பார்த்துப் பிரிக்க முடியாது. ஈறில் சிவப்பாக மொட்டுவிட்டு, பிரஷ் பட்டாலே ரத்தம் கசியும் பயோஜெனிக் கிரானுலோமா கர்ப்பிணிகளுக்கு வழக்கமாக வருவது, பயப்பட ஏதுமில்லை. ஆனால் நுரையீரலிலோ மார்பிலோ இருக்கும் புற்று ஈறுக்குப் பரவும்போதும் அச்சாக இதே வேஷத்தில் வரக்கூடும். இப்படி வாய்க்குப் பரவிய புற்றுகளைத் தொகுத்த ஆய்வுகளில், ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு வாயில் வந்த அந்தக் கட்டிதான் உடலில் புற்று இருப்பதற்கான முதல் அடையாளமாக இருந்திருக்கிறது. அந்த நால்வரில் ஒருவரின் துணுக்கு எங்காவது ஒரு கிளினிக்கின் குப்பைக்கூடைக்குப் போயிருந்தால் என்ன ஆகும்?

இந்தக் கேள்வியைப் பெங்களூரு எலெக்ட்ரானிக் சிட்டியில் நின்று கேட்பது பொருத்தம். 1978ல் கோனப்பன அக்ரஹாரா, தொட்டதோகூர் என்ற இரண்டு கிராமங்களின் 332 ஏக்கர் நிலத்தில், கர்நாடக அரசின் கியோனிக்ஸ் நிறுவனத்துக்காக ஆர்.கே. பாலிகா என்பவர் கண்ட கனவு இந்த ஊர். இன்று ஓசூர் சாலையின் இருபுறமும், நீலாத்ரி சாலை முழுக்கவும் பல் கிளினிக்குகள். மென்பொருள் நிறுவனங்களில் வேலை செய்பவர்கள் மதிய இடைவேளையில் வந்து முடிச்சை எடுத்துக்கொண்டு மீட்டிங்குக்குத் திரும்புகிறார்கள். பொம்மசந்திரா, ஜிகணி தொழிற்பேட்டைகளிலும் கட்டட வேலைகளிலும் இருப்பவர்கள், ஓசூரிலிருந்தும் தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்திலிருந்தும் வருகிற தமிழர்கள் உட்பட, வேறு வகை. அவர்களில் புகையிலையும் பாக்கும் அடக்கிக்கொள்பவர்கள் ஏராளம். முதல் கூட்டத்துக்குத் துணுக்கு சோதனைக்குப் போகாததால் நேரும் நஷ்டம் பெரும்பாலும் மனநிம்மதி. இரண்டாவது கூட்டத்துக்கு உயிராக இருக்கலாம். இந்தியாவில் ஆண்களுக்கு வரும் புற்றுகளில் உதடும் வாயும் சார்ந்ததே முதலிடம். இருபாலருக்கும் சேர்த்து ஆண்டுக்கு ஏறத்தாழ 1 லட்சத்து 40 ஆயிரம் புதிய நோயாளிகள்.

இதே வட்டாரத்தில்தான் வாயைப் பரிசோதிப்பதில் ஒரு முக்கியமான முயற்சியும் நடந்தது. பொம்மசந்திராவில் நாராயணா ஹெல்த் சிட்டி வளாகத்துக்குள் 2009ல் மஜும்தார் ஷா புற்றுநோய் மையம் திறக்கப்பட்டது. அங்கே தலை, கழுத்துப் புற்று அறுவை மருத்துவரான மோனி ஆபிரகாம் குரியகோஸ், பெங்களூரு கே.எல்.இ. பல் மருத்துவக் கல்லூரியின் பிரவீண் பிரூர் உள்ளிட்டோர் பயோகான் அறக்கட்டளையோடு சேர்ந்து, செல்போனில் வாயைப் படமெடுத்து நிபுணருக்கு அனுப்பும் திட்டத்தை நடத்தினார்கள். முடிவுகள் 2015ல் அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளிவந்தன. வீடுவீடாகப் போய்ச் சுகாதாரப் பணியாளர்கள் 2000 பேரையும், வேலையிடங்களில் பல் மருத்துவர்கள் 1440 பேரையும் பார்த்தார்கள். பல் மருத்துவர்கள் சந்தேகப்பட்டதை நிபுணர்கள் முழுக்க ஏற்றுக்கொண்டார்கள். பணியாளர்கள் அனுப்பிய தெளிவான படங்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானவற்றையே நிபுணர்கள் உறுதி செய்தார்கள். பல் மருத்துவரின் கண் எவ்வளவு நம்பத்தக்கது என்பதற்கு இது நல்ல சாட்சி.

அப்படியானால் அந்தக் கண்ணே போதாதா என்று கேட்கலாம். நான் சந்திக்க வேண்டிய முதல் மறுப்பு இதுதான், வலுவானதும் கூட. திருவனந்தபுரத்தில் ஆர். சங்கரநாராயணன் குழுவினர் ஏறத்தாழ 1 லட்சத்து 90 ஆயிரம் பேரைக் கொண்டு நடத்திய பெரும் சோதனையில், வெறும் கண்ணால் வாயைப் பார்ப்பதே புகையிலை, மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப்புற்று மரணத்தை மூன்றில் ஒரு பங்கு குறைத்தது என்று 2005ல் லான்செட் இதழ் வெளியிட்டது. கண்ணின் மதிப்பை நான் குறைக்கவில்லை. ஆனால் அந்தச் சோதனையில் கண் செய்த வேலை, சந்தேகமானவர்களைப் பொறுக்கியெடுத்து மேல்பரிசோதனைக்கு அனுப்புவது. தீர்ப்பு சொன்னது பயாப்ஸி என்ற திசுச் சோதனை. வெள்ளைத் திட்டு, ஆறாத புண் என்று சந்தேகப்படத் தெரிந்த கண்ணுக்கு, கடைவாய்க்குப் பின்னால் இருக்கும் சாதுவான எச்சில் கொப்புளத்தைச் சந்தேகிக்கக் காரணமே கிடைக்காது. சந்தேகம் வராத இடத்தில்தான் கட்டாய நடைமுறை வேண்டியிருக்கிறது.

இரண்டாவது மறுப்பு செலவு. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது சாதாரணமாக இருக்கப்போகும் துணுக்குகளுக்காக எல்லோரையும் ஏன் காசு கொடுக்கச் சொல்ல வேண்டும்? கம்பெனிக் குழுக் காப்பீடுகளில் பல் சிகிச்சை பெரும்பாலும் சேராது என்பதும் உண்மை. ஆனாலும் ஒரு துணுக்கைச் சோதிப்பதற்கான கட்டணம், அதை வெட்டியெடுப்பதற்கு வாங்கும் கட்டணத்தில் சிறு பகுதிதான். அதோடு நம் நாட்டில் இதற்கென்றே ஒரு வசதி இருக்கிறது. வாய் நோயியல் இங்கே பல் மருத்துவத்தின் தனி முதுநிலைப் படிப்பு. சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரி 1953லும் பெங்களூரு அரசு பல் மருத்துவக் கல்லூரி 1958லும் தொடங்கியவை. பிறகு இரண்டு மாநிலங்களிலும் கல்லூரிகள் பெருகின. பெரும்பாலானவற்றில் வாய் நோயியல் துறை உண்டு, மைக்ராஸ்கோப்புகள் உண்டு, பயிலும் மாணவர்களுக்குத் திசுக்கள் தேவையும் உண்டு. தனியார் கிளினிக்குகளிலிருந்து இந்தத் துறைகளுக்கு மலிவாகத் துணுக்குகள் போய்ச்சேர ஒழுங்கான ஏற்பாடு செய்தால் இரு தரப்புக்கும் லாபம். இது அரசோ பல் மருத்துவ ஒழுங்குமுறை அமைப்போ நினைத்தால் ஓராண்டில் செய்யக்கூடிய காரியம்.

மூன்றாவது மறுப்புத்தான் எனக்குக் கனமாகப் படுகிறது. எல்லாத் துணுக்குகளையும் சோதித்தால் எல்லா விசித்திரங்களும் வெளிவரும். அதனால் வீண் பயமும் வீண் அறுவையும் அதிகரிக்காதா? அண்ணத்தை இழந்தவர்களைப் பற்றி நானே மேலே எழுதியிருக்கிறேன். அவர்கள் பாதிக்கப்பட்டது சோதனை செய்யாததால் அல்ல, செய்து தவறாகப் படித்ததால். இதை மழுப்ப முடியாது. ஆனால் அந்தத் தவறுகளைக் கூர்ந்து பார்த்தால் பெரும்பாலும் மூன்று காரணங்கள் தென்படுகின்றன: போதாத அளவு கிள்ளியெடுத்த திசு, நோயாளியின் கதையை எழுதாமல் வெறும் பெயரும் வயதும் மட்டும் நிரப்பிய படிவம், வாயின் வினோதங்களோடு பழக்கமில்லாத பொது நோயியல் கூடம். மூன்றும் திருத்தக்கூடியவை. ஆழமாக, ஓரத்து நல்ல திசுவோடு சேர்த்து எடுக்கலாம். எவ்வளவு நாளாக இருக்கிறது, எங்கே இருக்கிறது, பல் செட் உண்டா, ஊசி போட்டார்களா, பாக்கு போடுவாரா என்று ஐந்து வரி எழுதலாம். புற்று என்று அறிக்கை வந்து, ஆனால் டாக்டர் பார்த்த கட்டி அப்படித் தோன்றவில்லை என்றால், பெரிய அறுவைக்கு முன் வாய் நோயியல் நிபுணர் ஒருவரிடம் அதே ஸ்லைடைக் கொடுத்து இரண்டாம் கருத்துக் கேட்கலாம். சோதனையை நிறுத்துவதால் தவறான தீர்ப்பு நிற்காது. தீர்ப்பே இல்லாமல் போகும்.

அதற்காக வாயில் தெரியும் எல்லாவற்றையும் வெட்டச் சொல்லவில்லை. நாக்கின் பின்பகுதியில் வளைவாக வரிசைகட்டி நிற்கும் பெரிய மொட்டுகள் எல்லோருக்கும் உண்டு. முதல்முறை கண்ணாடியில் பார்ப்பவர் பயந்துபோய் ஓடிவருவார். அண்ணத்தின் நடுவிலோ கீழ்த்தாடையின் உட்புறமோ கல்லாகக் கெட்டியான எலும்புப் புடைப்பு பலருக்கு இயல்பாகவே இருக்கும். உள்கன்னத்தில் மஞ்சள் புள்ளிகள் தெரிவது எண்ணெய்ச் சுரப்பிகள். இவற்றைத் தொடவே வேண்டாம். பல் குத்தியதால் வந்த புண் என்றால் காரணத்தை நீக்கிவிட்டு இரண்டு வாரம் பார்க்கலாம். ஆறவில்லை என்றால் பயாப்ஸி. எதை வெட்டுவது என்பதில் நிதானம் வேண்டும், வெட்டியபிறகு என்ன செய்வது என்பதில் நிதானத்துக்கு இடமில்லை. லேசர் வந்தபிறகு இன்னொரு சிக்கல். வலியில்லை, தையலில்லை என்று விளம்பரம் செய்கிறார்கள், உண்மைதான். ஆனால் கட்டியை அப்படியே ஆவியாக்கிவிட்டால் சோதிக்க எதுவும் மிஞ்சாது. லேசரால் சுற்றிலும் வெட்டி முழுத் துணுக்காக எடுக்கவும் முடியும். சிகிச்சைக்குச் சம்மதிக்கும் முன் நோயாளி அதைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

நோயாளி கேட்க வேண்டியது இன்னும் ஒன்று உண்டு, அதைப் பெரும்பாலோர் அறிவதில்லை. அறிக்கை என்ற காகிதத்தோடு விஷயம் முடிவதில்லை. மெழுகுக் கட்டியும் ஸ்லைடும் சோதனைக்கூடத்தில் பல ஆண்டுகள் பத்திரமாக இருக்கும். மெழுகுக்குள் இருக்கும் திசு கெடாது. ஐந்து ஆண்டு கழித்து அதே இடத்தில் மறுபடி கட்டி வந்தாலும், பழைய மெழுகுக் கட்டியிலிருந்து புதுச் சீவல் எடுத்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம். அன்று இல்லாத புதிய சாயங்களை இன்று ஏற்றிப் பார்க்கலாம். எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்த்துவிட்டு ஓசூருக்கோ மதுரைக்கோ வெளிநாட்டுக்கோ மாறிப்போகிறவர்கள், வீட்டை மாற்றும்போது எக்ஸ்ரேயை எடுத்துக்கொள்வதைப்போல, தங்கள் மெழுகுக் கட்டி எந்தக் கூடத்தில் எந்த எண்ணில் இருக்கிறது என்பதையும் குறித்துவைத்துக்கொள்ள வேண்டும். அறிக்கையின் மேல்மூலையில் அந்த எண் அச்சிட்டிருக்கும். வேறு மருத்துவரிடம் காட்டுவதற்காக ஸ்லைடையும் மெழுகுக் கட்டியையும் கேட்டால், ரசீதில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுப்பார்கள்.